டியூப் டெஸ்ட்டுக்குப் போறீங்களா?

கல்யாணமாகி ரெண்டு வருஷம் தாண்டினா போதும், 'விசேஷம் ஏதும் உண்டா?'னு பால்காரர் வரைக்கும் விசாரிப்பார்கள். அப்புறம் ஒருநாள் உங்க கையில் ஒரு சீட்டு வரும். 'எச்.எஸ்.ஜி.' என்று எழுதியிருக்கும். 2004-ல் மதுரையில் எனக்கும் வந்தது. "ஒரு எக்ஸ்ரே, அவ்வளவுதாம்மா" என்றார்கள். அவ்வளவுதான் இல்லீங்க. அதனால நான் சொல்றேன்.

முட்டையும் விந்தணுவும் சந்திக்கிற இடம் கருக்குழாய். பத்து சென்டிமீட்டர் நீளம்தான். கருப்பையில் கட்டி இருக்கா, முட்டை வளருதா என்பதெல்லாம் ஸ்கேனில் தெரியும். குழாய் திறந்திருக்கா என்பது சாதாரண ஸ்கேனில் தெரியாது. அதனால், கர்ப்பப்பை வாய் வழியாக மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து குழாயில் ஓடி வயிற்றுக்குள் சிந்தினால், வழி திறந்திருக்கிறது. மாதவிலக்கு நின்றபிறகு, முட்டை வெளியாகும் முன் செய்வார்கள். வயிற்றில் கரு இருந்தால் கதிர் படக்கூடாதே!

வலிக்குமா? வலிக்கும். சிலருக்கு லேசாக, சிலருக்குப் பல்லைக் கடிக்கிற மாதிரி. சில நிமிஷம்தான். முன்கூட்டியே வலி மாத்திரை கேளுங்க, இதுல என்ன வெட்கம்? தைராய்டு, அலர்ஜி இருந்தா அதையும் சொல்லிடுங்க, மருந்தில் அயோடின் இருக்கு.

ஒரு நல்ல சங்கதியும் உண்டு. 2017-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கசகசா எண்ணெயில் செய்த மருந்தை ஏற்றிய பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு ஆறு மாசத்துக்குள் கரு தங்கியது. தண்ணீர் கலந்த மருந்தில் 29 பேருக்கு.

என் பிலிமில் 'வலது பக்கம் அடைப்பு' என்று வந்தது. நான் புடவை மாத்தி உட்காருவதற்குள் அத்தை மூணு பேருக்கு போன் பண்ணிட்டாங்க. அடுத்த மூணு மாசம் சொந்தக்காரங்க மத்தியில என் பேரே 'அடைப்பு'தான். பிறகு லேப்ராஸ்கோபியில் பார்த்தால், ரெண்டு குழாயிலும் நீலச் சாயம் ஜம்முனு இறங்குது! டெஸ்ட் நேரத்தில் தசை இழுத்துப் பிடித்தாலும் பிலிமில் அடைப்பு மாதிரியே தெரியுமாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? ஒரு பிலிமை வெச்சு யாராவது உங்களுக்குத் தீர்ப்பு எழுதினா, கையெழுத்துப் போட்டுடாதீங்க.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எழுதினார்கள். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. ஒரு சின்ன டப்பா, ஒரு தனி அறை. குழந்தைக்காகக் காத்திருக்கிற ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கு. அப்போ எது முதல்ல நடக்கணும், நீங்களே சொல்லுங்க. சீட்டு எழுதும்போதே, "இவருக்கும் ஒண்ணு எழுதுங்க டாக்டர்"னு கேட்டுடுங்க.

அவருக்கு எண்ணிக்கை குறைவு என்று வந்தது. ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவராகவே அம்மாவிடம் சொன்னார்.

அத்தை அன்னைக்கு யாருக்கும் போன் பண்ணலை.