முழங்கால் வரை கடல்

அப்பா மறைந்த பிறகு அம்மாவும் மகளும் கிளம்பும் முதல் பயணம். தாய்லாந்து, ஐந்து நாள். அம்மாவுக்குக் கோயில்தானே பிடிக்கும் என்று பாங்காக்குக்கே நான்கு நாள் ஒதுக்கியிருந்தாள் மகள்.

"கடல்ல முழங்கால் வரைக்கும் நிக்கணும்டி" என்றார் அம்மா.

உடனே புக்கெட்டைத் தேடினாள். ஆனால், லீவு கிடைத்ததோ மே கடைசியில். அந்தமான் கடலோரம் இருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை பருவமழை, அலை சீறும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. இன்ஸ்டா போட்டோக்கள் இதைச் சொல்வதில்லை! கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சாமுய் அப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அங்கே மூன்று நாள்.

பாங்காக்கில் வாட் அருணின் செங்குத்துப் படிகள் அம்மாவின் மூட்டுக்கு ஆகாது. ஆற்றுப் படகிலிருந்தே பார்க்கலாம். சிலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது.

இப்போது அம்மா கேட்பது ஒரு சுடிதார். புடவையோடு கடலில் இறங்க முடியாதாம்.