இக்காவின் கொப்பி

கராமா என்பது அரபுச் சொல். மானம், கண்ணியம் என்பது அதன் பொருள். டுபாய்க்கு வந்து பல மாதங்கள் கழித்துத்தான் இதை அறிந்தேன். அதுவரை எனக்குக் கராமா என்றால் வெள்ளிக்கிழமைப் பின்னேரம், ஒரு கையில் மகள், மறு கையில் நீலத் துணிப்பை, அவ்வளவுதான்.

2005 ஆம் ஆண்டு ஐந்து வயது மகளோடும் கைக்குழந்தையான மகனோடும் வந்து இறங்கினேன். இவர் இரண்டு வருஷம் முன்னதாகவே வந்திருந்தார். இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலர் கனடாவிலோ ஐரோப்பாவிலோ அகதி விண்ணப்பம் கொடுத்து வாழ்பவர்கள். எங்கள் கதை வேறு. ஐக்கிய அரபு இராச்சியம் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடல்ல. இங்கே அகதி என்ற சொல்லுக்கே இடமில்லை. வருபவர் தொழில் விசாவில் வருகிறார். மனைவி, பிள்ளைகளின் விசா அவருடைய விசாவில் தங்கியிருக்கிறது. அவருடைய வேலை போனால் முழுக் குடும்பமும் வெளிக்கிட வேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குப் பயந்து ஓடியவர்கள் இங்கே வேலைநீக்கக் கடிதத்துக்குப் பயந்து வாழ்ந்தோம்.

அப்போது இவருக்குக் கிழமையில் ஒரே ஒரு நாள் லீவு, வெள்ளிக்கிழமை. அரசாங்க விடுமுறை 2006 இல் வெள்ளி, சனியாகவும், 2022 இல் சனி, ஞாயிறாகவும் மாறியது. ஆனால் எங்கள் வீட்டில் இன்றுவரை வெள்ளிதான் கடைக்குப் போகும் நாள். மத்தியானம் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். வெயில் தணிந்த பிறகு, ஐந்து மணிபோல், வெளிக்கிடுவோம்.

ஒரு படுக்கையறை வீட்டைத் திரைச்சீலையால் பிரித்து இன்னொரு குடும்பத்தோடு இருந்த காலம் அது. பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமில்லை. ஆகவே கடைத்தெருவே எங்களுக்கு முற்றம். முதலில் மீன் சந்தை. வாங்காவிட்டாலும் மகளுக்கு மீன்களின் தமிழ்ப் பெயர் சொல்லிக் கொடுக்க அது நல்ல இடம். அங்கிருந்து கராமாச் சந்தைக் கடைகள். வெளியூர்க்காரர் கராமா என்றதும் நினைப்பது பெரிய கம்பனிகளின் பெயர் ஒட்டிய போலிக் கைப்பைகளையும் மணிக்கூடுகளையும்தான். எங்களைப் போன்றவர்கள் தேடிப் போனது பிள்ளைகளின் உடுப்பு, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், ஒன்று முதல் பத்து திர்ஹாம் வரை என்று எழுதி வைத்த கடைகளின் விளையாட்டுச் சாமான். மாதச் சம்பளம் வந்த வெள்ளியில் சரவண பவனில் தோசை. மற்ற வெள்ளிகளில் ஒரு திர்ஹாம் தேநீரும் வீட்டிலிருந்து கொண்டு போன வடையும்.

பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஆளுக்கு ஐந்து திர்ஹாம். அதற்குள் எதையும் வாங்கலாம். ஆனால் விலையைத் தாங்களே கேட்க வேண்டும், காசைத் தாங்களே கொடுக்க வேண்டும், மிச்சத்தைத் தாங்களே எண்ணி வாங்க வேண்டும். முதல் நாள் மகள் என் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்றாம் மாதம் ஒரு கடைக்காரரிடம் ஹிந்தியில் எண் சொல்லிப் பேரம் பேசினாள். பெரிய மோல்களுக்கும் போயிருக்கிறோம். அங்கே குளிர் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. ஆனால் அங்கே விலை சீட்டில் ஒட்டியிருக்கும். பிள்ளை எவரோடும் கதைக்க வேண்டியதில்லை. கராமாவில் கதைக்காமல் ஒரு அழிறப்பர்கூட வாங்க முடியாது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தட்டில் ஒரு கிறோசறி இருந்தது. நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவு. பால், பாண், கொத்தமல்லி, பள்ளிக்கூடக் கொப்பி, பென்சில், நிறப்பெட்டி எல்லாம் உண்டு. தொலைபேசியில் சொன்னால் பெடியன் ஒருவன் ஒரு தண்ணீர்ப் போத்தலைக்கூட மேலே கொண்டு வந்து தருவான். கடைக்காரர் கேரளத்தின் காசர்கோட்டைச் சேர்ந்தவர். மலையாளத்தில் மூத்தவரை முஸ்லிம்கள் இக்கா என்பார்கள். நாங்களும் இக்கா என்றோம். அவருடைய மலையாளமும் எங்கள் யாழ்ப்பாணத் தமிழும் அரைவாசி தூரத்தில் சந்தித்துக்கொண்டன.

காசு மேசைக்கு அடியில் அவர் ஒரு நீளக் கொப்பி வைத்திருந்தார். மாதக் கடைசியில் கை வற்றியவர்களின் பற்று அதில் ஏறும். எங்கள் பக்கத்தில் வீட்டு இலக்கமும் அதற்குக் கீழே மகளின் பெயரும் இருந்தன. சாமான் வாங்க அடிக்கடி இறங்கியவள் அவள். அதனால் கணக்கு அவள் பெயரில்.

2008 இன் கடைசியில் உலகப் பொருளாதார நெருக்கடி டுபாயையும் பிடித்தது. கட்டுமான வேலைகள் நின்றன. இவருடைய கம்பனியில் இரண்டு மாதச் சம்பளம் பிந்தியது. 2009 பங்குனியில் வேலையே போனது. விசா இரத்தானால் வெளியேற அப்போது 30 நாள்தான் தவணை. (2022 இன் பிறகு பலருக்கு இதைவிடக் கூடிய அவகாசம் கிடைக்கிறது.) ஊரில் வன்னியில் யுத்தம் கடைசிக் கட்டத்தில் நின்றது. இவருடைய தமையன் குடும்பம் எங்கே என்று தெரியாது. திரும்பிப் போவதென்றால் கொழும்பில் ஒரு அறை தேட வேண்டும்.

கடன்களை எழுதிப் பார்த்தோம். இக்காவின் கொப்பியில் 412 திர்ஹாம். பால், பாண், சித்திரையில் தொடங்கவிருந்த புது வகுப்புக்கான கொப்பிகள்.

திரைக்கு அந்தப்புறம் இருந்த தங்கச்சி நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்: "அக்கா, நானூறு திர்ஹாமுக்கு ஆரேன் வெள்ளவத்தைக்கு வந்து உங்களைத் தேடுவினமே? அந்தக் காசு போய் இறங்கேக்க உதவும். பேசாமப் போங்கோ."

நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், மனம் சம்மதித்தது. அந்த நாட்களில் காரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வங்கிக் கடனோடு போனவர்களின் கதைகள் ஊரெல்லாம் அடிபட்டன. அவர்களோடு பார்த்தால் எங்களது என்ன பெரிய தொகை?

சுவரோரம் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "அம்மா, இக்கான்ர கொப்பியில என்ர பேர்தானே கிடக்கு?"

அன்றிரவு நித்திரை வரவில்லை. பிள்ளையின் கேள்வி என்னை 1990 ஆம் ஆண்டுக்குக் கொண்டு போயிற்று.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. தம்பிக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க அம்மா எங்களை யாழ்ப்பாண நகருக்குக் கூட்டிக்கொண்டு போனா. சோனகதெருப் பக்கமாக ஒரு முஸ்லிம் வியாபாரியின் சிறிய கடை. நானா என்று கூப்பிடுவோம். தம்பியின் கால் அளவு அவருக்கு மனப்பாடம். "வளருற பிள்ளை, ஒரு இலக்கம் கூட்டி எடுங்கோ, முன்னுக்குப் பஞ்சு வையுங்கோ" என்பார். அன்று அம்மாவிடம் 35 ரூபா குறைந்தது. "அதுக்கென்ன தங்கச்சி, அடுத்த மாசம் தாங்கோ" என்று சப்பாத்தைத் தாளில் சுற்றித் தந்தார்.

அடுத்த மாதம் வரவில்லை. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். கடை, வீடு, நகை, எதையும் கொண்டு போக விடவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்கப் பயம் என்பது ஒரு காரணம். கேட்க வேண்டும் என்று தோன்றாததும் ஒரு காரணம். தம்பி அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு இரவோடு இரவாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். அந்த நெரிசலில் அம்மா ஒரு தரம் சொன்னா: "அந்த மனிசன்ர காசு குடுக்கேல்லையடி." அதற்குப் பிறகு அதைப் பற்றி அவ பேசியதில்லை.

மறுநாள் காலை கராமாவில் ஒரு நகைக் கடையில் என் மெல்லிய காப்பொன்றை விற்றேன். பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். காசை அவள் கையில்தான் கொடுத்தேன். இக்கா கொப்பியை எடுத்து விரலால் தடவிக் கூட்டினார். காசை இரண்டு தரம் எண்ணினார். "வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. அவருக்கும் ஊரில் மூன்று பிள்ளைகள். கடை வாடகை இருக்கிறது. அந்த மாதம் எத்தனை பக்கங்கள் தீராமலே போயினவோ. மகளின் பெயருக்கு மேலே கோடு கிழித்து, "கணக்கு தீர்ந்நு, மோளே" என்றார். மகள் அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள். பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தபோதும் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

படியேறும்போது 35 ரூபாவின் கதையை அவளுக்குச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். நாங்கள் பேசாமல் நின்றதையும் சொன்னேன்.

தவணை முடிய நாலு நாள் இருக்கையில் இவருக்கு ஷார்ஜாவில் குறைந்த சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. அதனால்தான் இதைக் கராமாவில் இருந்து எழுதுகிறேன். காசைக் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போக வேண்டி வந்திருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

2012 இல் யாழ்ப்பாணம் போனபோது சோனகதெருவுக்குப் போனேன். திரும்பி வந்த சில குடும்பங்கள் கூரையில்லாத வீடுகளைத் திருத்திக்கொண்டிருந்தன. சப்பாத்துக் கடை நானாவைப் பற்றி விசாரித்தேன். "பெயர் என்ன?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் அம்மாவைக் கேட்டேன். அவவுக்கும் தெரியவில்லை. அவருக்கு எங்கள் எல்லோருடைய பெயரும் தம்பியின் கால் அளவும் தெரிந்திருந்தன. புத்தளத்தில் பலர் இருக்கிறார்கள், அங்கே தேடிப் பாருங்கள் என்றார்கள். பெயரில்லாமல் எப்படித் தேடுவது?

புதிதாக வந்து குடியேறும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். கராமாவுக்கு மெற்றோவில் வருவதென்றால், முன்பு அல் கராமா என்றிருந்த நிலையம் இப்போது ஏடிசிபி என்ற பெயரில் இருக்கிறது. வெயில் காலத்தில் பொழுதுபட்ட பிறகு வாருங்கள். துணிப்பை கொண்டு வாருங்கள். 2024 இலிருந்து ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்திக் பை டுபாயில் தடை. சந்தைக் கடைகளில் முதலில் சொல்லும் விலை கடைசி விலையல்ல, சிரித்துக்கொண்டே குறைத்துக் கேளுங்கள். சிறிய கிறோசறியில் பேரம் வேண்டாம். அங்கே லாபம் ஃபில்ஸ் கணக்கில். பிள்ளைகளின் சப்பாத்தைப் பின்னேரத்தில் வாங்குங்கள். நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் பார்த்தால்தான் அளவு சரியாக வரும். பற்று வைக்க வேண்டி வந்தால் வையுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் தீர்க்கும் நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைக்காரரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இக்கா சில வருஷங்களின் முன் கடையைக் கைமாற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பதின்மூன்று வருஷம் அவரிடம் சாமான் வாங்கிய நான் கடைசிவரை அவரை இக்கா என்றே அறிந்திருந்தேன். போவதற்கு முதல் நாள் மகள் அவரிடம் ஒரு கடதாசியை நீட்டி முழுப் பெயரையும் ஊர் விலாசத்தையும் எழுதி வாங்கினாள். அது எங்கள் பாஸ்போட்டுகளோடு அலுமாரியில் இருக்கிறது. பெருநாளைக்குப் பெருநாள் அவள் அந்த விலாசத்துக்கு ஒரு வாழ்த்து மடல் போடுகிறாள்.