திராட்சைப் பெட்டியும் கணினியின் நினைவகமும்

முல்லைப் பெரியாற்று நீரால் செழித்த எம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களைக் காணாதவர் யார்? பழம் சுமந்து சந்தைக்குச் சென்ற பிளாஸ்டிக் பெட்டி வெறுமையாய்த் திரும்பி வந்து, மீண்டும் பழம் ஏற்றுச் செல்லும். ஒவ்வொரு நடைக்கும் புதுப் பெட்டி வாங்கினால் தோட்டக்காரர் கதி என்னாவது! கணினிக்கும் இதே கவலை உண்டென்பதை எங்கள் ஆண்டு விழா வீடியோ கற்பித்தது.

எங்களில் பலருடைய அன்னையர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி மலைக்கு அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்கள். விழாவுக்கு அவர்களால் வர இயலவில்லை. ஆகவே மேடையில் மகள் நின்ற காட்சியை வீடியோவிலிருந்து படமாகப் பிரித்து, அவரவர் வீட்டுக்குக் கொடுக்க விரும்பினோம்.

1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு 3 பைட் வீதம் 62,20,800 பைட் இடம் கொள்ளும். நொடிக்கு 25 படங்கள்! ஒவ்வொன்றுக்கும் புது இடம் ஒதுக்கி, எதையும் விடாமல் வைத்திருந்தால் 4 ஜிபி நினைவகம் அரை நிமிடத்திற்குள் நிரம்பிவிடும். உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தாலும் வீண் வேலைதான். பெரிய இடம் கேட்கும்போதெல்லாம், பிறர் செய்தி எஞ்சாதபடி இயக்க அமைப்பு அதைச் சுழியங்களால் துடைத்துத் தரவேண்டும். ஆதலால் நிரலாளர்கள் ‘பஃபர்’ எனப்படும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்த இலவச நிரலும் அவ்வாறே செய்தது. விளைவு? நாற்பது படங்கள் வந்தன. நாற்பதிலும் நன்றியுரை கூறிய மாணவியின் முகமே! (அவளுக்கு மட்டும் ஒரே மகிழ்ச்சி.) அந்நிரல் குறித்து வைத்தது பெட்டி இருக்கும் இடத்தை, உள்ளிருந்த பழத்தை அன்று. இறுதியில் சேமித்தபோது, கடைசியாக நிரம்பியதே நாற்பது தடவையும் பதிவாயிற்று.

2000ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது. ஒரு பஃபரை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைக்கும். கடைசி ஆளும் கைவிட்ட பின்னரே அதை அடுத்த படத்திற்கு எடுக்கும். எச்.264 வகை வீடியோவில் முன்பு பிரித்த 16 படங்கள் வரை பார்த்துப் புதுப்படம் உருவாகக் கூடுமாதலால், அவசரப்பட்டு அழித்தால் பின்வருவது சிதைந்துவிடும்.

எங்கள் கணினி ஆசிரியை மூல நிரலைத் திறந்து காட்டினார். வேண்டிய படத்தை மட்டும் தனியிடத்தில் நகலெடுக்குமாறு ஒரு வரி சேர்த்தோம். மற்றவை யாவும் பழைய பஃபரிலேயே ஓடின. நாற்பது நகலுக்கும் 25 கோடி பைட்டுக்குச் சற்றுக் குறைவே. எங்கள் பழைய கணினி முனகாமல் தாங்கியது. அன்று மாலை நாற்பது வெவ்வேறு முகங்கள் வீடு சென்றன.