அடுத்த ஆசான் யார்?

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. கேரளம் முழுவதும் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. கம்பம்மெட்டில் ஏலத்தோட்ட வேலைக்கு அன்று விடுமுறை. காலையில் வரிசையில் நின்று, இடது கைச் சுட்டுவிரலில் மை வைத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் கூடியிருந்தோம். யார் ஜெயிப்பார்கள் என்ற பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்தபோது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "ஆசான் போயிட்டாரு."

பேச்சு நின்றது. எந்த ஆசான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியைவிட்டு விலகிவிட்டார். கடைக்காரச் சேட்டன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே மேசையில் வைத்தார். "இனி ஆரு?" என்றார். அவர் மலையாளத்தில் கேட்டார், எங்களுக்கு அது தமிழாகவே காதில் விழுந்தது.

சரியாக ஒரு வாரத்துக்கு முன்னால், ஏப்ரல் 19 அன்று, மலைக்குக் கீழே கம்பத்தில் வாக்குப்பதிவு நடந்தது. அன்று ராத்திரிதான் புவனேஸ்வரத்தில் ஒடிசா அணியிடம் கூடுதல் நேரத்தில் 2–1 என்று தோற்று வெளியேறியது பிளாஸ்டர்ஸ். கம்பத்துக்காரர்கள் ஓட்டுப் போட்ட நாளில் அணி தோற்றது, நாங்கள் ஓட்டுப் போட்ட நாளில் ஆசான் போனார். நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப எங்களுக்கு ஒரு விரல் இருந்தது. அணிக்கு அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்க அது உதவாது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி கடை அடைக்கும்வரை நாங்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தோம்.

கம்பம்மெட்டைப் பார்க்காதவர்களுக்கு: கம்பத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறி மேலே வந்தால், தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்கும் இடம். பின்னால் திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் வெயிலில் கிடக்கும். முன்னால் பார்த்தால் ஏலக்காடு. விடியற்காலையில் ஜீப்புகள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போகும், சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். ஒரே பெஞ்சில் தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் உட்காருவார்கள். பிளாஸ்டர்ஸின் மஞ்சளும் சென்னையின் எஃப்சி அணியின் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்.

ஆசான் என்ற சொல் எங்களுக்கு அமைந்தது ஒரு நல்லூழ். பள்ளிக்கூடத்து வாத்தியாரையும் களரியில் வித்தை சொல்லித் தருபவரையும் மலையாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழிலும் அதே பொருள்தான். செர்பியாவிலிருந்து வந்த ஒருவரைக் கேரளத்து ரசிகர்கள் அந்தப் பெயரால் அழைத்தபோது, இந்தப் பெஞ்சில் அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கோச் வருவார், சம்பளம் வாங்குவார், போவார். ஆசான் அப்படி இல்லை. போனாலும் அவர் ஆசான்தான்.

அவருக்கு முன்னால் வந்துபோனவர்களின் பட்டியலை எங்கள் கடையில் ஒருவர் மூச்சு விடாமல் சொல்வார். 2014இல் அணி தொடங்கியபோது டேவிட் ஜேம்ஸ், ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. 2015இல் பீட்டர் டெய்லர், பாதியில் போனார். 2016இல் ஸ்டீவ் கோப்பல், இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார், மறு வருஷம் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பிறகு ரெனே மியூலென்ஸ்டீன், மறுபடி டேவிட் ஜேம்ஸ், நெலோ விங்காடா, எல்கோ ஷட்டோரி, கிபு விக்குன்யா. ஏழு சீசனுக்குள் எட்டு நியமனம். ஒருவர் பெயரை வாய் பழகுவதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார்.

2021இல் வந்த வுகோமனோவிச் மூன்று சீசன் இருந்தார். மூன்றிலும் அணி பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது. கோப்பை ஒன்றுகூட வாங்கித் தரவில்லை. 2022 மார்ச் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப் போட்டியை இந்தக் கடையில்தான் பார்த்தோம். எங்கள் ராகுல் கோல் போட்டபோது பெஞ்சே எழுந்து நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது ஹைதராபாத் சமன் செய்தது. பெனால்டியில் அவர்களுடைய கோல்கீப்பர் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். தோற்ற பிறகு யாரும் டிவியை அணைக்கவில்லை. ஏற்கெனவே 2014இலும் 2016இலும் இறுதியில் தோற்றவர்கள் நாங்கள். ஆனால் அன்று ராத்திரி "கோச்சை மாத்துங்கப்பா" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்பது மறு வருஷம்தான் எனக்கு விளங்கியது. 2023 மார்ச் 3, பெங்களூருவில் நாக்-அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் கட்டி முடிப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ-கிக்கை அடித்து வலைக்குள் போட்டார். நடுவர் கோல் என்றார். வுகோமனோவிச் தன் பிள்ளைகளை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். விதிப்படி அது தவறு. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அவருக்குப் பத்து ஆட்டங்களுக்குத் தடை, 5 லட்சம் அபராதம். மன்னிப்பும் கேட்கச் சொன்னது, கேட்டார்கள். அந்தச் செயலை நான் இன்றைக்கும் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் ஆட்களுக்கு அநியாயம் நடந்தது என்று நம்பியபோது, அவர் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார். தடை முடிந்து அதே வருஷம் அக்டோபரில் கொச்சிக்குத் திரும்பியபோது, கலூர் ஸ்டேடியம் அவரை வரவேற்ற விதத்தில் அந்தக் கணக்கு தெரிந்தது. கோப்பை வாங்கித் தராதவருக்கு இத்தனை பேர் எழுந்து நின்றார்கள்.

அப்படி ஒருவர் போன பிறகு "இனி ஆரு?" என்று கேட்டால், எங்கே தொடங்குவது?

ஊகம் பண்ணுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏல மையங்களில் நாளைக்கு ஏலக்காய் என்ன விலைக்குப் போகும் என்று இந்தப் பெஞ்சு தினமும் பேசும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை முன்கூட்டியே சொன்னேன் என்று இன்றும் உரிமை கொண்டாடுகிறவர்கள் உண்டு. மழை எப்போது விடும், சரம் எப்படிப் பிடிக்கும், ஆள் கூலி ஏறுமா, எல்லாம் ஊகம். அதனால் பயிற்சியாளர் விஷயத்திலும் பெஞ்சு நன்றாகவே வேலை செய்தது. ஐரோப்பாவில் வேலை இல்லாமல் இருப்பவர் யார், இந்தியாவை ஏற்கெனவே அறிந்தவர் யார் என்று பையன்கள் தேடித் தேடிப் பெயர் சொன்னார்கள். கம்பத்து ஜீப் டிரைவர் அண்ணன் நீலக் கட்சி. "எங்க கோச்சு ஓவன் காய்ல் இருக்காரு சேட்டா, இன்னொரு சென்னைக்காரரா பாத்துப் பிடிங்க" என்று சிரித்தார். சேட்டன் மட்டும் பெயரே சொல்லவில்லை. "ஆரா இருந்தாலும் மூணு கொல்லம் நிக்கணும்" என்றார். மூன்று வருஷம்.

இங்கேதான் என் அம்மாவின் கங்காணி கதை எனக்கு நினைவுக்கு வந்தது.

அம்மா பல வருஷம் காய் எடுக்கப் போனவர். நான் பள்ளியில் படித்தபோது அவர் வேலை பார்த்த தோட்டத்தில் வயதான கங்காணி முட்டுவலியால் நின்றுகொண்டார். அடுத்தவர் யார் என்று முதலாளி சொல்ல ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் ஜீப்பில் பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை. நானும் லீவு நாளில் கூடப் போயிருந்ததால் கேட்டிருக்கிறேன். "அவரு வந்தா எடை போடுறப்ப சாக்குக்குன்னு எம்புட்டுக் கழிப்பாரு?" "மழை வலுத்தா ஸ்டோருப் பக்கம் ஒதுங்க விடுவாரா, நனைஞ்சுக்கிட்டே எடுக்கச் சொல்லுவாரா?" "பிள்ளைக்குக் காய்ச்சல்னா அரை நாள் விடுவாரா?" ஒவ்வொரு பெயருக்கும் இதே மூன்று கேள்வி. எனக்கு அப்போது அலுப்பாக இருந்தது. முதலாளி முடிவு பண்ணப்போகிற விஷயத்தை இவர்கள் ஏன் இப்படி அரைக்கிறார்கள் என்று அம்மாவிடமே கேட்டேன்.

வந்தது அவர்கள் சொன்ன எந்தப் பெயரும் இல்லை, வேறு தோட்டத்து ஆள். அவர் வந்த முதல் வாரத்திலேயே மழை வலுத்தது. ஒரு பெண்ணும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. எல்லோரும் ஒன்றாகக் கூடையை எடுத்துக்கொண்டு ஸ்டோர் திண்ணைக்கு வந்து நின்றார்கள். அவரும் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. அன்று ராத்திரி அம்மா சொன்னார்: "ஜீப்புல ஒரு வாரம் பேசுனமே, அது வீண் போகலப்பா. யாரு வந்தாலும் என்ன கேக்கணும்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இல்லாதவர்கள் ஊகம் பண்ணும்போது பெயரை மட்டும் தேடுவதில்லை. வரப்போகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று தங்களுக்குள் பேசி முடிவுக்கு வருகிறார்கள். கோரிக்கைக்கு அது ஒத்திகை. வாய் ஒத்துப்போன பிறகுதான் கால் ஒன்றாக நடக்கும்.

பிளாஸ்டர்ஸுக்கு அந்த மே மாதம் வந்தவர் ஸ்வீடனின் மிகாயேல் ஸ்டாரே. எங்கள் கடையில் ஒருவரும் சொல்லாத பெயர். வயநாட்டு நிலச்சரிவு நடந்து இரண்டு நாள் கழித்து, ட்யூரண்ட் கோப்பையில் பிள்ளைகள் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடி மும்பையை 8–0 என்று வென்றபோது, மலையில் வாழ்கிற எங்களுக்கு அது வெறும் ஸ்கோராகத் தெரியவில்லை. ஆனால் இந்தியன் சூப்பர் லீக் சீசன் சரிந்தது. பன்னிரண்டு ஆட்டத்தில் மூன்று வெற்றி, ஏழு தோல்வி. டிசம்பரில் ரசிகர் அமைப்பான மஞ்ஞப்பட, நிர்வாகத்தின் மேல் கோபம் கொண்டு, இனி டிக்கெட் வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. டிசம்பர் 16 அன்று ஸ்டாரே நீக்கப்பட்டார். மஞ்ஞப்படயின் அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு ஸ்டோர் திண்ணையில் கூடையோடு நின்ற பெண்கள்தான் தெரிந்தார்கள். யாருக்கும் ஓட்டு இல்லை. ஆனால் என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது, ஒன்றாக வந்து நின்றார்கள்.

அடுத்து சில மாதம் இடைக்காலப் பொறுப்பைத் தாங்கியவர் கேரளத்துக்காரரான டி.ஜி. புருஷோத்தமன். பொறுப்பேற்ற முதல் ஆட்டத்தில் முகமதன் அணியை 3–0 என்று வென்றார்கள். "அவரையே வெச்சுக்கலாமே" என்றது பெஞ்சு. 2025 மார்ச்சில் ஸ்பெயின்காரர் டேவிட் கட்டாலா நியமிக்கப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆசான் என்று நாங்கள் கூப்பிட்டவரே வெளிநாட்டுக்காரர்தான். ஆனால் உள்ளூர் ஆளை எப்போதும் இடைக்காலத்துக்கு மட்டும் கூப்பிடுவது எனக்கு வலிக்கிறது.

அதனால்தான் 2025 ஜூலையில் இந்திய அணிக்கே பயிற்சியாளரைத் தேடியபோது நான் இன்னும் கூர்ந்து கேட்டேன். 170 விண்ணப்பங்கள் வந்தன. ஸ்பெயினின் சாவி விண்ணப்பித்திருக்கிறார் என்ற செய்தியில் பெஞ்சு ஒரு நாள் முழுக்க மிதந்தது. அந்த மின்னஞ்சல் பொய் என்று மறுநாள் தெரிந்தது. கடைசியில் ஆகஸ்ட் 1 அன்று வந்த பெயர் காலித் ஜமீல். 2017இல் மிசோரத்தின் சிறிய அணியான ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். பெரிய பெயருக்கு ஆசைப்பட்ட பையன்கள் கொஞ்சம் வாடினார்கள். சேட்டன் மட்டும் அன்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் டீ கொடுத்தார்.

ஒரு பயிற்சியாளருக்கு எவ்வளவு காலம் தரலாம் என்று யோசித்தால் எனக்கு அமெரிக்காவின் பேஸ்பால் நினைவுக்கு வரும். அந்த ஆட்டத்தில் அணியை நடத்துபவரை மேனேஜர் என்பார்கள். அவரும் ஆட்டக்காரர்கள் போடும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கோனி மேக் என்ற ஒருவரோ கோட்டு சூட்டோடு உட்கார்ந்து, 1901 முதல் 1950 வரை ஐம்பது வருஷம் ஒரே அணியை நடத்தினார். ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார், எத்தனையோ வருஷம் கடைசி இடத்தில் முடித்தார். அவரை யாராலும் மாற்ற முடியவில்லை, ஏனென்றால் அணியின் உரிமையாளர்களில் அவரும் ஒருவர். பொறுமைக்குக் கிடைக்கும் காலம் அவருக்குச் சொத்தாகவே இருந்தது. மற்றவர்களுக்கு அதை ரசிகர்களும் நிர்வாகமும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். சேட்டன் கேட்ட மூன்று வருஷம் அதுதான்.

எங்கள் கம்பம்மெட்டுச் சாலை எப்போதும் இப்படித் திறந்து இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது எல்லை அடைபட்டது. ஜீப்புகள் ஏறவில்லை. இதே பெஞ்சு காலியாகக் கிடந்தது. அந்த அமைதியை அனுபவித்தவன் என்பதால், மஞ்சளும் நீலமும் குரலை உயர்த்தி ஒரு பயிற்சியாளரைப் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அன்று ஓட்டுப் போட்ட ராத்திரி, கடை அடைக்கும் நேரத்தில் பெஞ்சு மூன்று விஷயத்தில் ஒத்துப்போயிருந்தது. வருகிறவர் உள்ளூர்ப் பையன்களை ஆடவிட வேண்டும். தோற்றால் பழியைத் தான் ஏற்க வேண்டும். மூன்று வருஷமாவது நிற்க வேண்டும், நிற்கவும் விட வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கால்பந்து பார்க்காதவர். மை அழியாத விரலால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "மழை வந்தா?" என்று கேட்டார்.

நாலாவதாக அதையும் சேர்த்துக்கொண்டேன்.