கேள்வி கேட்கும் விவசாயிகள்

அமெரிக்காவின் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் மார்ச் மாதம் விதைப்புக்கு முந்தைய ஓய்வுக் காலம். அப்போதுதான் சர்க்கரை பீட் விவசாயிகளுக்கான ‘இன்டர்நேஷனல் சுகர்பீட் இன்ஸ்டிடியூட்’ கண்காட்சி நடக்கும். ஒரு வருஷம் ஃபார்கோ நகரில், அடுத்த வருஷம் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில்.

அரங்கு முழுக்க ராட்சத இயந்திரங்கள். இலையைச் சீவித் தள்ள ஒன்று, கிழங்கைத் தோண்டி எடுக்க இன்னொன்று. ஆனால் எனக்குப் பிடித்தது கருத்தரங்குதான்.

அங்கே அதிகம் அடிபடும் பெயர் செர்கோஸ்போரா என்ற பூஞ்சை நோய். இலையில் சின்னச் சின்ன சாம்பல் புள்ளிகள், சுற்றிலும் செம்பழுப்பு விளிம்பு. பார்க்கச் சாதாரணம். ஆனால் இலை கருகினால், புது இலை விடுவதற்காகச் செடி கிழங்கில் சேர்த்த சர்க்கரையையே செலவழிக்கும். எடைக்கு மட்டுமல்ல, சர்க்கரை அளவுக்கும் சேர்த்துத்தான் இங்கே விலை. அதனால் இழப்பு இரட்டிப்பு. சில மருந்துகளுக்கு இந்தப் பூஞ்சை அடங்குவதும் இல்லை. எதை எதோடு கலக்கலாம், எப்போது தெளிக்கலாம் என்று விவசாயிகள் விஞ்ஞானிகளைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

இப்படி உரிமையோடு கேட்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ‘அமெரிக்கன் கிரிஸ்டல் சுகர்’ என்ற சர்க்கரை ஆலை நிறுவனத்தை 1973-இல் விவசாயிகளே வாங்கிக் கூட்டுறவாக்கினார்கள். ஆலையும் அவர்களுடையது, லாப நஷ்டமும் அவர்களுடையது.

விவசாயிக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. அவர் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் மேடைதான் வேண்டும். அதை எங்கே பார்த்தாலும் ஆதரியுங்கள் நண்பர்களே.