மூச்சு வாங்க ஓர் இடம்

'சிங்கார வேலனே தேவா' என்றவுடன் உங்களுக்கு எது முதலில் காதில் கேட்கிறது? ஜானகியின் குரலா, காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமா? இரண்டையும் பிரிக்க முடியாது என்பீர்கள். வாஸ்தவம். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த நாளிலிருந்து அவை அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காருகுறிச்சியார் 1964-இல் காலமாகிவிட்டார். பாட்டு மட்டும் கல்யாண வீடுகளை விட்டுப் போகவில்லை.

இப்போது ஒரு சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். இசைத்தட்டில் ஜானகி பாடுகிற நேரத்தில் நாகஸ்வரத்துக்குச் சற்று ஓய்வு உண்டு. கோயில் சந்நிதியில் ஜானகிக்கு எங்கே போவது? இருவர் பங்கையும் ஒரே குழல் அல்லவா வாசித்தாக வேண்டும்!

இந்தச் சங்கடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பேளுக்குறிச்சியில் பார்த்தேன். கொல்லிமலை அடிவாரத்து அந்த ஊருக்கு நான் போனது, எல்லா இல்லத்தரசிகளையும் போல, சந்தையில் மல்லியும் மிளகும் வாங்கத்தான். தெருவில் நாகஸ்வரம் கேட்டது. வாசிப்பது ஒரு பெண் என்று தெரிந்த பிறகு மிளகு விலையில் மனம் போகுமா? திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

வயது 19. பரம்பரை வித்துவான் குடும்பம். பங்குனி உத்திரத்தன்று கூவைமலைப் பழனியாண்டவர் கோயிலில் முதல் முறையாகத் தனியே வாசிக்கப் போகிறாள். "பெண்பிள்ளைக்கு மூச்சுத் தாங்குமா?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டாராம். மதுரை பொன்னுத்தாயின் வாசிப்பை அவர் கேட்டதில்லை போலும்! கணவரோடு 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற காலீஷாபியைப் பற்றியும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் மூச்சு விஷயம் சாமானியமானதல்ல. ஆபேரி ராகத்தில் ஏறும்போது ரிஷபமும் தைவதமும் கிடையா. இறங்கும்போது இரண்டும் வந்துவிடும். 7 துளைகளுக்குள் இந்தத் தாவலும் சறுக்கலும் நடக்க வேண்டும். விரல் பழகிவிடும். கமகத்தை விரல் மட்டும் தராது. உதடும் மூச்சும் சேர வேண்டும். போதாததற்குச் சீவாளி வேறு. நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்ன வஸ்து காய்ந்தால் பேசாது, ஊறிப்போனால் குழறும். மலைக்காற்று வீசும் ஊரில் அதைப் பதமாக வைத்திருப்பது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரிதான். குழலில் தொங்கிய கயிற்றில் ஐந்தாறு சீவாளிகளைக் கட்டியிருந்தாள்.

நோட்டுப் புத்தகத்தில் பாட்டை ஸ்வரப்படுத்தி, மூச்சு வாங்கும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். மேல்நாட்டிலும் இதே பாடுதான். 1888-இல் அரங்கேறிய சைகோவ்ஸ்கியின் 5-ஆவது சிம்பனியில், 'ஹார்ன்' என்ற வளைந்த பித்தளைக் குழலுக்குப் புகழ்பெற்ற தனி வாசிப்பு ஒன்று வருகிறது. தந்தி வாத்தியங்கள் கீழ் ஸ்தாயியில் மெல்ல இழைய, அத்தனை பேர் நடுவே ஒருவர் மட்டும் மிருதுவாக எழும்ப வேண்டும். அவர்களும் மூச்சுக்குப் பென்சிலால் குறி போட்டுத்தான் பழகுகிறார்கள்.

இவள் நோட்டில், கடைசியில் ஸ்வரங்கள் துரிதமாகப் போகும் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

"இங்கே ஏனம்மா இல்லை?"

"அங்க விட்டா பாட்டு அறுந்து போயிருமுங்க, அக்கா."

தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "நான் எதுக்குக் கண்ணு இருக்கறேன்? அங்க சின்னதா ஒரு தீர்மானம் வெக்கறேன். நீ நிம்மதியா மூச்சு வாங்கிக்க."

"ரிக்கார்டுல அப்படி இல்லீங்களே, மாமா?"

"ரிக்கார்டுல ஜானகியம்மா இருந்தாங்க. இங்க நான் இருக்கறேன்."

உத்திரத்தன்று இரவு மறுபடியும் போயிருந்தேன். துரித ஸ்வரங்கள் வந்தபோது என் மூச்சுதான் நின்றுவிட்டது! தவில் இடையில் புகுந்தது. அவள் தோள் ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. அடுத்த கணம் குழல் மேல் ஷட்ஜத்தில் நின்றது.

முன்வரிசையிலிருந்து அந்தப் பெரியவர், "இன்னொருக்கா வாசி, கண்ணு" என்றார்.

அவள் சீவாளியைக் கழற்றிவிட்டு, கயிற்றிலிருந்து வேறொன்றை அவிழ்த்து உதட்டில் நனைத்துக்கொண்டாள்.