துபாய் மைத்துனனும் தஞ்சாவூர் மழையும்!

தஞ்சாவூருக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும், ‘‘பொங்கல் சமயத்துல போங்க சார், ஜிலுஜிலுன்னு இருக்கும்’’ என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால், துபாயில் வேலை பார்க்கும் மைத்துனனுக்கு லீவு கிடைப்பது தீபாவளிக்கு. தீபாவளி வருவது ஐப்பசியில். ஐப்பசி என்றால் அடைமழை. ஆக, மழையைத் தவிர்க்க வேண்டுமானால் மைத்துனனைத் தவிர்க்க வேண்டும். என் வீட்டில் அது நடக்கிற காரியமா?

தீபாவளிக்கு மறுநாள் ஒரு வேன் பிடித்தோம். நான், என் இல்லத்தரசி, மைத்துனன், அவன் மனைவி, அங்கேயே பிறந்து வளர்ந்த பையன் ஒன்று, பெண் ஒன்று, எல்லோருக்கும் தலைமை தாங்கி என் மாமியார். மாமியாருக்குப் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். சென்னைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும், வானிலை அறிக்கையில் ‘டெல்டா மாவட்டங்கள்’ என்று சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நிற்பார்.

பிள்ளைகளுக்கு இது வெளிநாட்டுப் பயணம். அவர்கள் அப்பாவுக்கோ மழை என்றாலே அலர்ஜி. 2024 ஏப்ரல் 16-ம் தேதி ஐக்கிய அரபு அமீரகத்தில் கொட்டியதே ஒரு மழை... 1949-லிருந்து கணக்கு வைத்திருக்கிறார்களாம், அப்படி ஒன்று பெய்ததே இல்லையாம். ஓரிடத்தில் ஒரே நாளில் 25 சென்டிமீட்டர். விமான நிலையமே ஏரி மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து வானம் லேசாகக் கறுத்தாலும் மைத்துனன் மேடான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்வான்.

‘‘அத்தான், ரூமைக் காலி பண்ணிட்டுத் திரும்பிடலாமா?’’ என்று முதல் நாள் காலையிலேயே ஆரம்பித்தான்.

‘‘பேசாம வாடா! மழைக்குப் பயந்தா இந்த ஊர்ல யாரும் சோறு தின்ன முடியாது’’ என்றார் மாமியார்.

பெரிய கோயிலுக்குப் போனோம். ஒன்று சொல்கிறேன்... அந்தக் கோயிலை மழையில் பார்க்க வேண்டும்! சித்திரை வெயிலில் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு போனவர்களுக்குத் தெரியும், சாமி கும்பிடுவதா, பரத நாட்டியம் ஆடுவதா என்று. மழையில் பாதம் சில்லென்று இருக்கிறது. நனைந்த விமானம் நிறம் மாறி, கருஞ்சிவப்பாக நிற்கிறது. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தது. 216 அடி உயரத்திலிருந்து தண்ணீர் ஒவ்வொரு நிலையாக இறங்கி வருவதைச் சுற்று மண்டபத்தில் நனையாமல் நின்று பார்க்கலாம். வரிசையாக லிங்கங்கள், சுவரில் பழைய ஓவியங்கள். நாங்கள் போன அன்று கூட்டமே இல்லை. விமானத்தின் நிழல் தரையில் விழுமா, விழாதா என்று வழக்கமாக நடக்கும் பட்டிமன்றமும் இல்லை. வெயிலே இல்லாதபோது எங்கே நிழல்!

மத்தியானம் கூரையுள்ள இடம் தேடி அரண்மனை, சரஸ்வதி மகால். மன்னர் சரபோஜி சேர்த்த புத்தகங்களைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்ததும் பையன் கொட்டாவி விட்டான். சின்னவள் மட்டும் ஓலைச்சுவடியைப் பார்த்து, ‘‘அப்பாயி, இது ஜன்னல் பிளைண்ட்ஸா?’’ என்றாள்.

சாயங்காலம் திருவையாறு. அசோகா சாப்பிடத்தான் போனோம் என்பதை மறைப்பானேன்? பாசிப்பருப்பில் நெய்யைக் கொட்டிக் கிளறிய அந்த வஸ்துவை, வெளியே மழை பெய்யும்போது வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்க வேண்டும். போகிற வழியில் பிள்ளைகள் பாலங்களை எண்ணினார்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு! எல்லாவற்றிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர். ‘‘ஒரே ஊருக்கு எதுக்கு இத்தனை?’’ என்றான் பையன். கர்நாடகாவில் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தாராசுரம். கோயிலின் முன்பக்கம் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மழை பிடித்தால் அங்கே தண்ணீர் தேங்கிவிடும். கல்லில் தேர் செய்து குதிரையும் பூட்டிய சிற்பியே, அதன் முன்னால் குளம் வெட்டியதுபோல் இருந்தது. முந்தின நாள் ஓட்டல் பில்லில் சின்னவள் கப்பல் விட்டாள். (பிறகு பொறுக்கி எடுத்துவிட்டோம், தொல்லியல் துறை அன்பர்கள் கோபிக்க வேண்டாம்!) அப்புறம் கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா, டிகிரி காபி. மைத்துனன் முகத்தில் முதன்முறையாகக் களை வந்தது.

திரும்பும் வழியில், பாபநாசம் தாண்டியதும், ‘‘வண்டிய நிறுத்துப்பா’’ என்றார் மாமியார்.

சாலையோரம் நெடுக நெல் குவியல்கள். மேலே தார்ப்பாய், அதன் மேல் கல், கட்டை, ஒரு பழைய சைக்கிள்கூடக் கிடந்தது. பக்கத்தில் கொள்முதல் நிலையம். மாமியார் இறங்கி, ஒரு குவியலில் கையை விட்டு நாலு நெல்லை எடுத்தார். பல்லில் வைத்துக் கடித்தார்.

‘‘நறுக்குன்னு உடையலியே தம்பி. எத்தனை நாளாக் கெடக்கு?’’

‘‘ஒன்பது நாளும்மா’’ என்றார் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர். அறுபது வயசிருக்கும்.

விஷயம் இதுதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீரில் போடும் குறுவை, ஏறக்குறைய நாலு மாதத்தில் அறுவடைக்கு வரும். அதாவது, சரியாக ஐப்பசி மழையின் வாயில்! நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கக் கூடாது என்பது விதி. மழை வருஷங்களில் அதைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்கும். டெல்லியிலிருந்து குழு வரும், நெல்லை அள்ளிப் பார்க்கும், பிறகுதான் உத்தரவு. நெல்லுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? நனைந்து புழுங்கினால், குவியலுக்குள்ளேயே முளைவிட ஆரம்பித்துவிடுகிறது. பெரியவர் ஓரத்திலிருந்து ஒரு பிடி எடுத்துக் காட்டினார். வெள்ளையாக, ஊசிமுனை போல.

‘‘இந்த மழை நின்னா நல்லதுல்ல தாத்தா?’’ என்றான் பையன்.

‘‘அய்யய்யோ, அப்புடிச் சொல்லாதய்யா. அந்தாண்ட சம்பா நட்டிருக்கேன். அதுக்கு மழை வேணும். வரப்புக்கு அந்தப் பக்கம் பெய்யட்டும், இந்தப் பக்கம் வேணாம்!’’ சிரித்தார். வெற்றிலைக் காவி ஏறிய பல். கண் மட்டும் வானத்திலேயே இருந்தது.

அப்போது பார்த்து வெயில் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், சாலை முழுக்கப் பரபரப்பு! தார்ப்பாயை விலக்கி, பலகையால் தள்ளி, நெல்லை நிரவ ஆரம்பித்தார்கள். மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். ‘‘காலைத் தேச்சுத் தேச்சு நடங்க, அடி நெல்லு மேல வரணும்’’ என்று பேரப்பிள்ளைகளுக்குப் பாடம். துபாய்ப் பிள்ளைகள் நெல்லில் கோடு கோடாக உழுதார்கள். மைத்துனனும் ஷூவைக் கழற்றினான். நான்? மேற்பார்வை! என் மனைவி பார்த்த பார்வையில் நானும் இறங்கினேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். மேற்கே திரண்டது. முதலில் பார்த்தவன் மைத்துனன்தான். இரண்டு வருஷப் பயம் எதற்காவது பயன்பட வேண்டாமா! ‘‘மழை! மழை!’’ என்று கத்தினான். திரும்பவும் குவித்து, தார்ப்பாயின் நாலு மூலையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்து மூடுவதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. நாங்கள் தொப்பல். குவியல் ஓரளவு தப்பித்தது.

டீக்கடைக் கூரைக்கு ஓடினோம். பெரியவர் காசு கொடுக்க விடவில்லை.

‘‘ஒங்க ஊர்ல மழை உண்டா தம்பி?’’

மைத்துனன் பெருமையாக, ‘‘ஒரே நாள்ல 25 சென்டிமீட்டர் பெஞ்சுது’’ என்றான்.

‘‘அப்புடியா? இங்கே 2008-ல நிஷா புயல் வந்துச்சு. ஒரத்தநாட்டுல ஒரே நாள்ல 66’’ என்று சொல்லிவிட்டு, டீயை ஒரு வாய் உறிஞ்சினார். மைத்துனன் அதற்கப்புறம் சென்டிமீட்டர் பேசவில்லை.

அடுத்த வாரம் துபாயிலிருந்து வீடியோ கால். பட்டாசு, அசோகா எதைப் பற்றியும் பேச்சில்லை. சின்னவள் எடுத்த எடுப்பில், ‘‘அப்பாயி, அந்தத் தாத்தா நெல்லை எடுத்துக்கிட்டாங்களா?’’ என்றாள்.

மாமியார் அதற்குள் ஊரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டு விசாரித்து வைத்திருந்தார்.

‘‘ரெண்டு நாள் வெயில் அடிச்சுதாம்டி. பாதி எடை போட்டாச்சு. மீதிக்கு இன்னும் படுதா கட்டித்தான் வச்சிருக்காராம்.’’

‘‘சம்பா?’’

‘‘அது பச்சைப் பசேல்னு நிக்குதாம்!’’